பள்ளி வெற்றியும் பொறுப்புப் பகிர்வும்: கற்றல் ஊக்கம் குறித்த ஒரு நோக்கு

1. முன்னுரை

பள்ளியில் ஒரு மாணவன் பின்தங்கும்பொழுது அதற்குக் காரணம் யாது என்னும் வினா எழுகின்றது. ஆசிரியர் பெற்றோரைச் சுட்டுவர். பெற்றோர் ஆசிரியரைச் சுட்டுவர். கல்வித்துறை இருவரையும் சுட்டும். முத்தரப்பினரும் எளிதில் உடன்படும் விடை ஒன்று உண்டு. மாணவனுக்குப் படிப்பில் ஊக்கம் இல்லை என்பதே அது. மறுத்துப் பேசும் வாய்ப்பு மிகக் குறைந்தவன் மாணவனே ஆதலின் இவ்விடை நிலைபெற்றுவிடுகின்றது.

ஊக்கம் என்பது மாணவனிடம் இருப்பதோ இல்லாதிருப்பதோ ஆகிய ஒரு தனிப்பண்பா, அல்லது மாணவனுக்கும் அவனைச் சூழ்ந்தோர்க்கும் இடையே தோன்றி வளரும் ஓர் உறவின் விளைவா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இரண்டாவதே உண்மையாயின், பள்ளி வெற்றிக்குரிய பொறுப்பு யார் யாரிடம் எவ்வெவ் அளவில் அமைதல் வேண்டும் என்னும் வினா தொடர்ந்து எழும். அவ்வினாவிற்கு இந்தியக் கல்விச் சூழலிலிருந்தும், இந்திய மொழிகளின் அமைப்பிலிருந்தும் கிடைக்கும் சான்றுகள் ஈண்டுத் தொகுத்து நோக்கப்படுகின்றன.

2. ஊக்கம்: சொல்லும் பொருளும்

தமிழில் ஊக்கம் என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கி வருவது. திருக்குறளின் 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை எனப் பெயர் பெற்றுள்ளது. அத்தலைப்பிலுள்ள உடைமை என்னும் சொல் கருதத்தக்கது. ஊக்கம் ஒருவர்க்கு உரிய செல்வம். அதனை உடையவர் உண்டு, உடையரல்லாதவரும் உண்டு என்னும் கருத்து இதில் அமைந்துள்ளது. அரசியலைப் பற்றிய பகுதியில், முதிர்ந்தோரை நோக்கிக் கூறப்பெற்ற கருத்து இது. ஆறு வயதுக் குழந்தைக்கு இதனை அப்படியே பொருத்திக் காணுதல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் கல்வி உளவியல் ஊக்கத்தை வேறொரு வகையில் விளக்கியது. ஜான் அட்கின்சன் 1957-இல் முன்வைத்த கொள்கையின்படி, ஒருவர் ஒரு செயலில் ஈடுபடும் அளவு இரண்டு கூறுகளைப் பொறுத்தது. முயன்றால் முடியும் என்னும் எதிர்பார்ப்பு ஒன்று. முடித்தால் அதனால் பெறத்தக்கது உண்டு என்னும் மதிப்பு மற்றொன்று. இவ்விரண்டும் கூட்டற் கணக்காக அன்றிப் பெருக்கற் கணக்காக இயங்குகின்றன என்பது இக்கொள்கையின் சிறப்புக் கூறு. ஒன்று சுழியாயின் மற்றொன்று எவ்வளவு மிகுந்திருப்பினும் விளைவு சுழியே. படித்தால் உயரலாம் என்று நன்கு அறிந்திருந்தும், தன்னால் இயலாது என்று நம்பும் மாணவன் நூலைத் திறப்பதில்லை. எளிதாகக் கற்கவல்ல மாணவியும், பத்தாம் வகுப்போடு தன் படிப்பு நிறுத்தப்படும் என்று அறிந்தால் சோர்வடைவாள். இருவரையும் ஊக்கமற்றவர் என்றே நாம் கூறுகின்றோம். ஆயின் நோய் வேறு, மருந்தும் வேறு.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோர் 1980-களில் வளர்த்தெடுத்த கொள்கை மேலும் ஒரு படி செல்கின்றது. தன் செயலைத் தானே தெரிவு செய்தல், செய்ய வல்லேன் என்னும் உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்று தேவைகள் நிறைவேறும் இடத்தில் அகவூக்கம் தானே தோன்றும் என்பது அவர்தம் கருத்து. இம்மூன்றையும் மாணவன் தனக்குத் தானே வழங்கிக்கொள்ள இயலாது. அவற்றுக்கு இடமளிப்பது வகுப்பறை.

பரிசும் தண்டனையும் ஊக்கத்தை வளர்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. மார்க் லெப்பரும் அவர்தம் துணைவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை ஐயுறச் செய்தது. ஓவியம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர்க்கு, வரைந்தால் பரிசு உண்டு என்று முன்னரே கூறப்பட்டது. இரண்டாம் குழுவினர்க்கு முன்னறிவிப்பின்றிப் பரிசு வழங்கப்பட்டது. மூன்றாம் குழுவினர்க்குப் பரிசு இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தபொழுது, பரிசை எதிர்நோக்கி வரைந்த குழந்தைகளே ஓய்வு நேரத்தில் குறைவாக வரைந்தனர். பரிசு தீது என்பது இதன் பொருளன்று. ஏற்கெனவே உள்ள விருப்பத்திற்கு விலை குறித்தால், விலை நின்றதும் விருப்பமும் நின்றுவிடலாம் என்பதே பொருள்.

3. 'படிப்பு வரவில்லை': மொழி தரும் விளக்கம்

தோல்விக்கு நாம் கூறும் காரணம் நாம் பயன்படுத்தும் தொடரிலேயே பதிந்திருத்தல் உண்டு. 'அவனுக்குக் கணக்கு வரவில்லை' என்பது தமிழில் இயல்பான வழக்கு. தெலுங்கில் 'வாடிகி லெக்கலு ராவு' என்பர். கன்னடத்தில் 'அவனிகெ லெக்க பருவுதில்ல' என்பர். இந்தியில் 'உஸே கணித் நஹீ ஆத்தா' என்றும் மராத்தியில் 'த்யாலா கணித் யேத் நாஹீ' என்றும் வழங்குவர். குடும்பத்தால் வேறுபட்ட இம்மொழிகள் அனைத்தும், அறிபவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தி, அறியப்படும் பொருளை எழுவாயாக்கி, 'வா' என்னும் வினையால் முடிக்கின்றன. எமெனோ 1956-இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பு எனக் காட்டியதன் பின்னர், நான்காம் வேற்றுமை எழுவாய்த் தொடர் இப்பரப்பின் பொதுக்கூறுகளுள் ஒன்றாக மொழியியலாரால் பெரிதும் ஆராயப்பட்டுள்ளது.

இத்தொடரில் வர வேண்டியது கணக்கு. மாணவன் அது வந்து சேர வேண்டிய இடம். அதனை அனுப்ப வேண்டியவர் யார், வழியில் அது தடைப்பட்டது எதனால் என்பன தொடரில் இடம்பெறுவதில்லை. 'அவனுக்குப் படிப்பு ஏறாது' என்னும் வழக்கில் எதிர்கால மறுப்பும் சேர்ந்துகொள்கின்றது. இன்று வரவில்லை என்பது என்றும் வாராது என்பதாகிவிடுகின்றது. இலக்கண அமைப்பு சிந்தனையை முற்றிலும் ஆள்கின்றது என்று கூறுதல் மிகை. 'அவனுக்குக் கணக்கு நன்றாக வரும்' என்று பாராட்டுவதற்கும் இதே தொடர்தான் பயன்படுகின்றது. எனினும், காரணம் கூறாமலே ஒரு செய்தியை முடிக்க இத்தொடர் இடந்தருகின்றது என்பதை மறுத்தற்கில்லை.

பெர்னார்ட் வெய்னர் 1970-களில் விளக்கிய காரணங்காணல் கொள்கை இவ்விடத்தில் பொருந்துவதாகும். வெற்றி தோல்விகளுக்கு மக்கள் கூறும் காரணங்களைத் திறமை, முயற்சி, பணியின் கடுமை, நற்பேறு என அவர் வகைப்படுத்தினார். இவற்றுள் திறமை நிலையானது, மாற்றவியலாதது என்று கருதப்படுவதால், திறமைக் குறைவே தோல்விக்குக் காரணம் என்று நம்பும் மாணவன் முயற்சியைக் கைவிடுகின்றான். 'படிப்பு ஏறாது' என்று பன்முறை கேட்ட மாணவன் பெற்றுக்கொள்ளும் செய்தி இதுவே.

இம்மொழிகளிலேயே இதற்கு மாறான ஒரு சான்றும் உள்ளது. தமிழில் 'கல்' என்பது தன்வினை; 'கற்பி' என்பது அதன் பிறவினை. கற்பித்தல் என்பதற்குச் சொல்லமைப்பு தரும் பொருள் 'கற்குமாறு செய்தல்' என்பதாகும். கன்னடத்தில் 'கலி', 'கலிசு' என்பனவும், தெலுங்கில் 'நேர்ச்சு', 'நேர்ப்பு' என்பனவும், இந்தியில் 'சீக்னா', 'சிகானா' என்பனவும் இவ்வாறே இணைந்து நிற்கின்றன. 'உண்பித்தேன், ஆனால் குழந்தை உண்ணவில்லை' என்று கூறினால் கேட்போர் முரண் என்பர். 'கற்பித்தேன், ஆனால் மாணவர் கற்கவில்லை' என்று கூறினால் எவரும் முரண் என்று கருதுவதில்லை. பாடத்தை எடுத்துரைத்தல் என்னும் அளவிற்குக் கற்பித்தலின் பொருள் சுருங்கிவிட்டமையே இதற்குக் காரணம். சொல்லின் பழைய ஆற்றலை மீட்டு நோக்கின், கற்றல் நிகழ்ந்த பின்னரே கற்பித்தல் நிறைவெய்துகின்றது எனலாம். கற்றல் ஒருவர் செயலன்று, இருவர் செயல் என்பதை இச்சொல்லே உணர்த்துகின்றது.

4. வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

முயன்றால் முடியும் என்னும் எதிர்பார்ப்பு முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாகும் இடம் மொழியே. 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1652 தாய்மொழிப் பெயர்களைப் பதிவு செய்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் 121 எனக் கணக்கிடப்பட்டன. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெறுவன 22 மொழிகளே. எனவே, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் எதிர்கொள்ளும் குழந்தைகள் இந்நாட்டில் மிகப் பலர்.

இத்தகைய குழந்தை முதல் வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கும். வினாவிற்கு விடை கூறாது. விடை தெரியாமையால் அன்று, வினா விளங்காமையால். ஆசிரியர் இதனை ஆர்வமின்மை என்று பதிவு செய்வார். சில மாதங்களில் ஆர்வமின்மை உண்மையாகவே வந்து சேரும். இல்லாத நோயைப் பெயரிட்டு அழைத்து வரவழைக்கும் நிலை இது.

1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும், இயன்றவரை பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கின்றது. ஆந்திரப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் 2000-களில் தொடங்கப்பெற்ற பன்மொழிக் கல்வித் திட்டங்களில் கோயா, சவரா, குவி முதலிய பழங்குடி மொழிகளில் தொடக்கநிலைப் பாடநூல்கள் ஆக்கப்பட்டன. வீட்டு மொழியில் எழுத்தறிவு பெற்று, அதன்மேல் மாநில மொழியையும் பின்னர் ஆங்கிலத்தையும் அமைத்துச் செல்வதே இவற்றின் நெறி. இங்கு மாற்றம் பெற்றது குழந்தையின் மனம் அன்று, பாடத்தின் மொழி.

இரண்டாம் மொழி கற்றலில் ஊக்கம் பெறும் இடமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கனடாவில் ஆய்வு செய்த ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும், ஒரு மொழியைப் பேசுவோரோடு ஒன்றுபட விழையும் இணைவூக்கம், மொழியால் வேலை முதலிய பயன்களைப் பெற விழையும் கருவியூக்கம் என இரு வகைகளைப் பிரித்துக் காட்டினர். அவர்தம் தொடக்க ஆய்வுகளில் இணைவூக்கமே சிறந்த தேர்ச்சியோடு இயைந்து காணப்பட்டது. ஆயின் யாஸ்மீன் லுக்மானி 1972-இல் வெளியிட்ட ஆய்வில், பம்பாயில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட உயர்நிலைப்பள்ளி மாணவியரிடம் ஆங்கிலத் தேர்ச்சியோடு இயைந்து நின்றது கருவியூக்கமே. ஒரு நாட்டில் கண்ட ஊக்கத்தின் வடிவத்தை மற்றொரு நாட்டிற்கு அளவுகோலாக்குதல் கூடாது என்பதையும், மாணவரின் ஊக்கம் அவர் வாழும் சமுதாயம் ஒரு மொழிக்குத் தரும் இடத்தைப் பொறுத்தது என்பதையும் இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

5. பிறர் எதிர்பார்ப்பும் மாணவர் செயற்பாடும்

ஆசிரியர் எதிர்பார்ப்புப் பற்றி 1968-இல் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில், எவ்வித அடிப்படையுமின்றித் தெரிவு செய்யப்பட்ட சில மாணவரை, விரைவில் சிறந்து விளங்கக் கூடியவர் என்று ஆசிரியரிடம் கூறினர். ஆண்டிறுதியில், குறிப்பாக முதலிரு வகுப்புகளில், அம்மாணவர் பிறரினும் மிகுந்த வளர்ச்சி காட்டினர். இவ்விளைவின் அளவு குறித்துப் பின்னர்க் கடும் விவாதம் எழுந்தது; அனைத்து வகுப்புகளிலும் அது காணப்படவில்லை. எனினும் ஆசிரியர் எதிர்பார்ப்பைப் புறக்கணிக்க இயலாது என்னும் கருத்து நிலைபெற்றது.

இந்தியச் சூழலில் இதனினும் கூர்மையான சான்று ஒன்று உள்ளது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய பொருளியலார் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவரிடையே நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. மாணவர் சிக்கலான வழிப்புதிர்களைத் தீர்க்குமாறு பணிக்கப்பட்டனர். சாதி வெளிப்படுத்தப்படாத குழுக்களில், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்க்கும் உயர்சாதி மாணவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொருவர் பெயரும் சாதியும் அனைவர் முன்னிலையில் வாசிக்கப்பட்ட குழுக்களில், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. ஒத்த திறனுடைய மாணவரே, ஒத்த புதிரே; இடையில் மாறியது அறையில் உரைக்கப்பட்ட ஓர் அறிவிப்பு மட்டுமே. ஊக்கம் மாணவனின் உடைமையாயின் அறிவிப்பு ஒன்றால் அது குறைதல் எவ்வாறு? வகுப்பறையில் இருக்கை அமைக்கும் முறை, உதவித்தொகைப் பட்டியலை உரக்க வாசித்தல், பெயரோடு சேர்த்து வழங்கும் அடைகள் ஆகியன எல்லாம் இவ்வாய்வின் ஒளியில் மீண்டும் எண்ணத்தக்கன.

6. பெற்றோர் அக்கறை பற்றிய ஒரு தவறான எண்ணம்

ஏழைப் பெற்றோர்க்குக் கல்வியில் நாட்டமில்லை என்று கூறுவது பரவலான வழக்கம். பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் 1996-இல் கள ஆய்வு நடத்தி 1999-இல் வெளியான தொடக்கக் கல்வி பற்றிய பொது அறிக்கை இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. ஆண்குழந்தைக்குக் கல்வி இன்றியமையாதது என்று 98 விழுக்காட்டுப் பெற்றோரும், பெண்குழந்தைக்கு இன்றியமையாதது என்று 89 விழுக்காட்டினரும் கூறியதாக அவ்வறிக்கை காட்டிற்று. அதேவேளையில், ஆய்வாளர் சென்று பார்த்த பள்ளிகளுள் ஏறத்தாழப் பாதியில் அந்நேரத்தில் கற்பித்தல் எதுவும் நிகழவில்லை. ஆசையிருந்தும் அதற்கேற்ற பள்ளி இல்லாமையே குறை. இமாசலப் பிரதேசத்தில் இவ்விரண்டும் பெரிதும் பொருந்தி நின்றமையால் அம்மாநிலம் கல்வியில் விரைந்து முன்னேறியது.

ஆசிரியரை மட்டும் குறை கூறுதலும் நேரியதன்று. 20 மாநிலங்களில் 2003-இல் முன்னறிவிப்பின்றி மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு, அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியருள் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை என்று கண்டது. அலுவற்பணியின் பொருட்டு வெளியே அனுப்பப்பட்டோரும் இவருள் அடங்குவர். ஐந்து வகுப்புகளை ஓர் ஆசிரியரே கவனிக்க நேர்ந்த பள்ளிகள் நிறைந்திருந்தமையாற்றான், பள்ளிதோறும் குறைந்தது ஈராசிரியரும் ஈரறைகளும் வேண்டும் என்னும் கரும்பலகைத் திட்டம் 1987-இல் தொடங்கப்பட்டது. மிகுதியான பாடச்சுமையே கற்றலின் மகிழ்ச்சியைக் குலைக்கின்றது என்று யஷ்பால் குழு 1993-இல் அறிக்கை அளித்தது. அப்பாடத்தை வகுத்தவர் வகுப்பாசிரியர் அல்லர்.

பசியும் ஊக்கத்தைத் தின்பது. சென்னை மாநிலத்தில் 1950-களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டமும், 1995-இல் தொடங்கிய தேசியத் திட்டமும், சமைத்த உணவே வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் பிறப்பித்த ஆணையும், தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஒரே உண்மையை ஏற்றுக்கொண்டவை. வகுப்பில் கவனிக்க வேண்டியவன் மாணவனே. ஆயினும் அவன் கவனிக்கத்தக்க நிலையில் இருக்குமாறு செய்தல் பிறர் கடமை.

7. சட்டம் வகுத்த பங்கீடு

பொறுப்புப் பகிர்வு என்பது அறிவுரையாக மட்டும் நில்லாமல் நம் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. 2002-ஆம் ஆண்டு 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி அளித்தலை அரசின் கடமையாக்கியது. அதே திருத்தம், அவ்வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பளித்தலைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதனை மேலும் விரிக்கின்றது. ஆசிரியர் காலந்தவறாது வருதல், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்துத் தேவையாயின் கூடுதலாகப் பயிற்றுதல், பெற்றோரோடு கூட்டம் நடத்துதல் ஆகியன 24-ஆம் பிரிவில் அடங்கும். 21-ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் மகளிராகவும் இருத்தல் வேண்டும்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைத்தல் கூடாது என்று இச்சட்டம் முதலில் விதித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி, மறுவாய்ப்பிலும் தேறாதோரை நிறுத்தி வைக்க அரசுகளுக்கு இடமளித்தது. தேர்வச்சம் இன்றேல் மாணவர் படியார் என்பது ஒரு சாரார் வாதம். நிறுத்தப்படும் குழந்தை பள்ளியையே விட்டு நீங்கும் என்பது மறுசாரார் வாதம். இவ்விவாதத்தில் ஒன்று மறக்கப்படுதல் கூடாது. நிறுத்தி வைத்தலின் இழப்பு முழுவதும் குழந்தையைச் சார்கின்றது; ஐந்தாண்டுகள் அக்குழந்தையைக் கற்பிக்கத் தவறிய அமைப்பிற்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. பொறுப்பு பகிரப்படாத இடத்தில் தண்டனை மட்டும் ஒருவரிடம் குவிவது அறமாகாது.

8. பகிர்வு வெறுஞ்சொல்லாகும் இடம்

சட்டத்தில் எழுதப்பட்டமையால் மட்டும் பகிர்வு நிகழ்ந்துவிடுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 2005-06-இல் நடைபெற்ற ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. அங்கு ஊர்க்கல்விக் குழுக்கள் சட்டப்படி இருந்தன. ஆயின் பெற்றோருட் பெரும்பாலார் அப்படியொரு குழு இருப்பதையே அறியவில்லை. குழு உறுப்பினர் சிலர் தாம் உறுப்பினர் என்பதையும் அறிந்திலர். ஆய்வாளர் ஊர்க்கூட்டங்கள் நடத்தி, குழுவின் அதிகாரங்களை விளக்கினர். குழந்தைகளின் வாசிப்புத் திறனைத் தாமே சோதித்தறியும் முறையையும் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தனர். இவற்றால் பள்ளியின் செயற்பாட்டில் மாற்றம் ஏதும் விளையவில்லை. மூன்றாவதாக, ஊரிளைஞர் சிலர்க்கு எளிய வாசிப்புப் பயிற்சி முறை கற்பிக்கப்பட்டு, அவர்கள் பள்ளி நேரத்திற்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தினர். அம்முகாம்களுக்கு வந்தோர் தொகை குறைவாயினும், வந்தோரிடம் வாசிப்புத் திறன் நன்கு வளர்ந்தது.

'நீங்கள் பொறுப்பேற்க வேண்டும்' என்று கூறியபொழுது எவரும் அசையவில்லை. 'இக்குழந்தைகளுக்கு இவ்வகையில் வாசிப்புக் கற்பியுங்கள்' என்று கூறியபொழுது இளைஞர் முன்வந்தனர். அனைவர்க்கும் பொதுவான பொறுப்பு ஒருவர்க்கும் உரியதாகாமல் போதல் இயல்பு. பணி இன்னது, செய்வோர் இன்னார், காலம் இவ்வளவு என்று வரையறுத்த பின்னரே பகிர்வு பொருள் பெறும்.

இதன் அடிப்படையில் மூன்று நெறிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, பொறுப்பு ஆற்றலுக்கு ஏற்ப அமைதல் வேண்டும். பாடத்தையும் மொழியையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் முடிவு செய்யும் அரசின் பங்கே மிகப் பெரிது. அடுத்தது பள்ளியின் பங்கு. பின்னர்ப் பெற்றோர் பங்கு. முதல் வகுப்புக் குழந்தையின் பங்கு மிகச் சிறிது. வகுப்பு உயர உயர அப்பங்கு வளர்தல் வேண்டும். தன் படிப்பைத் தானே திட்டமிடும் நிலைக்கு உயர்நிலைப்பள்ளி மாணவர் வந்து சேர்தல் வேண்டும்.

இரண்டாவது, எவரிடமும் அவரால் இயலாததைக் கேட்டல் கூடாது. எழுத்தறியாத தாயை வீட்டுப்பாடம் கற்பிக்குமாறு பணித்தல், அவரைக் குற்றவாளியாக்குவதற்கு ஒப்பாகும். குழந்தையை நாள்தோறும் அனுப்புதல், மாலையில் சிறிது நேரம் வேலையிலிருந்து விடுவித்தல், இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டறிதல், தம் மொழியில் கதை கூறுதல் ஆகியன அவரால் இயல்வன.

மூன்றாவது, மாணவனின் பங்கை மறுத்தலும் ஆகாது. முயற்சி அவனுடையதே. ரிஷி பள்ளத்தாக்கில் உருவாகி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தை தான் நிற்கும் படியைக் கற்றல் ஏணியில் தானே கண்டு, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் அம்முறை மாற்றம் பெற்றதாயினும், சிறு குழந்தைக்கும் அதற்குரிய அளவில் பொறுப்பளித்தல் இயலும் என்பதை அது காட்டிற்று.

9. முன்னேற்ற அறிக்கையின் மொழி

பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே செல்லும் ஒரே எழுத்தாவணம் பல குடும்பங்களில் முன்னேற்ற அறிக்கையே. அதில் ஆசிரியர் குறிப்பு எழுதும் இடத்தில் 'இன்னும் முயற்சி தேவை' என்றோ 'கவனம் போதாது' என்றோ எழுதப்படுவது வழக்கம். இத்தொடர்களில் செய்வோர் இல்லை. யார் முயல வேண்டும், எதில் முயல வேண்டும், எத்துணைக் காலம் என்பனவும் இல்லை. பெற்றோர் கையொப்பமோ கைந்நாட்டோ இட்டுத் திருப்பி அனுப்புவதோடு அதன் பயன் முடிந்துவிடுகின்றது.

அவ்விடத்தில் பின்வருமாறு எழுதலாம்: 'ஒற்றெழுத்து இல்லாத சொற்களைத் தடையின்றி வாசிக்கின்றாள். ஒற்றெழுத்து வரும் சொற்களில் தடுமாறுகின்றாள். நாள்தோறும் பத்து நிமிடம் நான் தனியே பயிற்சி அளிக்கின்றேன். மாலையில் ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் மீண்டும் பார்ப்போம்.' இக்குறிப்பில் மாணவியின் வெற்றி முதலில் கூறப்படுகின்றது. குறை, அவளுடைய இயல்பாக அன்றி, பாடத்தின் ஒரு பகுதியாகச் சுட்டப்படுகின்றது. மூவர்க்கும் தனித்தனிப் பணி உண்டு. வாசிக்கத் தெரியாத பெற்றோரும் கேட்க இயலும். காலமும் குறிக்கப்பட்டுள்ளது. ஐந்து சிறு தொடர்களில் பொறுப்புப் பகிர்வு நிறைவேறிவிடுகின்றது. அறுபது மாணவர் உள்ள வகுப்பில் இவ்வாறு எழுத இயலாது என்று ஆசிரியர் கூறின், அக்கூற்று நேரியதே. அந்நிலையில் வகுப்பின் அளவைக் குறைத்தல் அரசின் பங்கு என்பது வெளிப்படை.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால், கற்றல் ஊக்கம் மாணவனின் பிறவிப்பண்பு அன்று என்பதும், முடியும் என்னும் நம்பிக்கையும் பயனுண்டு என்னும் மதிப்பும் கூடும் இடத்தில் அது தோன்றும் என்பதும், அவ்விரண்டையும் மொழி, எதிர்பார்ப்பு, உணவு, பாடச்சுமை, சமுதாய மதிப்பு ஆகியன ஆக்கவும் அழிக்கவும் வல்லன என்பதும் பெறப்படுகின்றன. பொறுப்புப் பகிர்வு என்பது குற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ளுதல் அன்று, பணியைப் பங்கிட்டுக்கொள்ளுதல். பங்கு வரையறுக்கப்படாத இடத்தில் சுமை முழுவதும் வலிமை குன்றியவரிடமே சென்று தங்கும். பள்ளியில் வலிமை குன்றியவர் குழந்தையே.

'அவனுக்குப் படிப்பு வரவில்லை' என்று அடுத்த முறை கூற நேரும்பொழுது, அது வரவேண்டிய வழியில் எங்கே நின்றுவிட்டது என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை காண்பதற்கான கருவிகளை ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் மொழி நிறுவனங்களும் இணைந்து உருவாக்கலாம். வீட்டு மொழி வேறாகவுள்ள மாணவரை முதல் மாதத்திலேயே கண்டறியும் எளிய வினாநிரல், முன்னேற்ற அறிக்கைக்கான மாதிரிக் குறிப்புகள், பெற்றோர் கூட்டங்களை அவரவர் மொழியில் நடத்துவதற்கான வழிகாட்டி ஆகியன உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.